முதலில் எந்த நகரம்?

பள்ளி இடைவேளையில் மதிலோரம் நின்று பத்தாந் தர மாணவர் இருவர் நடத்திய வாதமொன்றை அண்மையில் நாம் கேட்க நேர்ந்தது. “தலைநகரத்துக்கு முதல்ல போகப்படாது. ஒதுக்குப்புறமா, மதில் கட்டாத ஊர் ஒண்டு இருக்கும். அதத்தான் புடிக்கணும்” என்றான் ஒருவன். துறைமுகம் உள்ள ஊரே முதலில் வேண்டும் என்றான் மற்றவன். ‘சிவிலைசேஷன்’ என்னும் கணினி விளையாட்டைப் பற்றியே அவர்கள் பேசினர். கணக்குப் பாடத்தில் இந்த நுட்பத்தில் பாதியைக் காட்டினாலும் போதும் என்று எண்ணியபடி நாம் அப்பால் நடந்தோம். ஆயினும் அப்பேச்சு எம்மை விடவில்லை. அவ்விருவரும் நின்ற இந்தக் கீழ்க்கரையும் ஒரு காலத்தில், ஏறக்குறைய அதே நியாயத்தின்படி, ‘முதலில்’ என்று தேர்ந்தெடுக்கப்பட்ட கரையே.

சிட் மையர் என்பாரின் பெயரோடு 1991இல் முதன்முதல் வெளிவந்த விளையாட்டு இது. நம் மாணவர் ஆடுவது 2016இல் வந்த ஆறாம் பதிப்பு. அது கைத்தொலைபேசியிலும் புகுந்துவிட்டது. இதை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்குவதற்கில்லை. நாவலைப் போல, நாடகத்தைப் போல, இதற்கும் ஓர் உலக நோக்கு உண்டு. அறுகோணக் கட்டங்களாலான நிலப்படம், அதன்மேல் நகரங்கள், ஒவ்வொரு நகருக்கும் உணவு இவ்வளவு, உற்பத்தி இவ்வளவு, பொன் இவ்வளவு என்ற கணக்கு. பகை நகராயின் மதிலின் வலிமையும் ஓர் எண்ணாகத் தெரியும். நாற்புறமும் வளைத்துக்கொண்டால் நகரம் தன் சேதத்தைச் சீர்செய்ய இயலாது. உள்ளே புகுந்ததும், வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்று விளையாட்டு கேட்கும். பிற அரசுகளின் ஆதித் தலைநகரங்கள் அனைத்தையும் பிடித்தவன் படைவழி வெற்றி பெறுவான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாகரிகத்தைப் பரப்பவே வந்தோம் என்று ஏகாதிபத்தியவாதிகள் எழுதிவைத்த பழைய சரித்திரப் புத்தகங்களைவிட இவ்விளையாட்டு நேர்மையானது. நகரைப் பிடிப்பது அதன் விளைச்சலுக்காகவும் பொன்னுக்காகவுமே என்பதை அது மறைக்கவில்லை. நமது குறை வேறு. ஆடுபவனின் கண்ணை அது நிலப்படத்துக்கு மேலே வைத்துவிடுகிறது. மதிலுக்குள் இறங்க வழி விடுவதில்லை.

1638ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியும் போர்த்துக்கேயருக்கு எதிராகக் கைகோத்த வேளை. கொழும்பு, காலி, நீர்கொழும்பு, மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு எனப் பகைவன் கோட்டைகள் கரையெங்கும் இருந்தன. முதலில் எது? மட்டக்களப்பு. கொழும்பிலிருந்து தொலைவு, கட்டிப் பத்தாண்டே ஆன சிறு கோட்டை, மன்னனின் ஆட்கள் மலையிலிருந்து இறங்கிவர இசைவான இடம். வெஸ்டர்வோல்டின் கப்பற்படை பீரங்கிகளுடன் வந்தது. மே மாதம் 18ஆந் தேதி கோட்டை விழுந்தது. பின்னர் 1639இல் திருகோணமலை, 1640இல் நீர்கொழும்பும் காலியும், 1656இல் கொழும்பு, 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும். நம் பத்தாந் தரத்தான் இந்த வரிசையில் குறை காணமாட்டான்.

ஆனால் இந்தக் கரையில் அன்று யார் இருந்தனர்? அம்பாறை மாவட்டம் என்று ஒன்று அப்போது இல்லை. 1961இல்தான் அது பிரிந்தது. எல்லாம் மட்டக்களப்பே. போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது, இராஜசிங்கனின் தந்தை செனரத் மன்னன் அவர்களில் ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று வரலாற்றாசிரியர் பலரும் எழுதியுள்ளனர். அடைக்கலம் கிடைத்துப் பன்னிரண்டே ஆண்டுகள். அதற்குள் அடைக்கலமான கரை போரின் முதற் குறியாயிற்று. கோட்டை விழுந்த சில நாட்களில் அங்கேயே எழுதிய உடன்படிக்கையில், பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தர் படை நிறுத்துவது ‘மன்னன் விரும்பினால்’ மட்டுமே என்றிருந்த சொற்கள் ஒல்லாந்தப் பிரதியில் இல்லாமற்போயின. போர்த்துக்கேயன் போனான், கோட்டைகள் அந்நியன் கையிலேயே நின்றன.

நாற்புறமும் வளைத்தல் என்று விளையாட்டுச் சொல்வதற்கும் இத்தீவில் உதாரணம் உண்டு. 1655 ஐப்பசி தொடங்கி ஏழு மாதங்கள் கொழும்பு முற்றுகையில் கிடந்தது. உணவு அருகியபோது, ஆயுதம் ஏந்த இயலாத ஏழைகளைப் போர்த்துக்கேயர் மதிலுக்கு வெளியே தள்ளினர். ஒல்லாந்தர் அவர்களைத் திரும்ப உள்ளே விரட்டினர். மதிலுக்கும் பாசறைக்கும் இடையே நின்ற அம்மக்களுக்கு அறுகோணக் கட்டம் எதிலும் இடமில்லை.

ஆறாம் பதிப்பில் கண்டி ஒரு சிறு நகர அரசாக வருகிறது. நம் பிள்ளைகளுக்கு அதில் பெருமகிழ்ச்சி. தூதர்களை அனுப்பி அதன் மேலாட்சியைப் பெறலாம்; பெற்றவன் புதிய இயற்கை அதிசயம் ஒன்றைக் காணும்தோறும் அவனுக்கு ஒரு புனிதச் சின்னம் கிடைக்கும். தலதா மாளிகையின் நினைவு இதற்குள் இருக்கிறது என்பது வெளிப்படை. அல்லது படை நடத்தி அதைப் பிடித்துவிடலாம். தனித்து நிற்கும் நகரம், எளிதில் விழும்.

உண்மைக் கண்டியோ அவ்வாறு விழுந்ததில்லை. 1638 மார்ச்சில் போர்த்துக்கேயர் அந்நகருக்குள் புகுந்தபோது அது வெறிச்சோடிக் கிடந்தது. எரித்துவிட்டுத் திரும்பிய படை கன்னொருவையில் அழிந்தது. ஒல்லாந்தர் 1765இல் புகுந்தனர், வைத்திருக்க முடியவில்லை. ஆங்கிலேயர் 1803இல் புகுந்தனர். அப்போதும் நகரம் காலி. அங்கு விட்டுச்சென்ற படை சில மாதங்களில் நாசமாயிற்று. நகரைப் பிடித்தாலே நாட்டைப் பிடித்ததாகும் என்ற விளையாட்டின் அடிப்படை விதியைக் கண்டி மக்கள் மீண்டும் மீண்டும் பொய்யாக்கினர். விளையாட்டில் படைக்குப் பொன் செலவாகும், பசியெடுப்பதில்லை. மலைவழிகளில் பசியும் காய்ச்சலுமே படைகளைத் தின்றன.

கண்டியின் கழுத்தை நெரித்தது வேறொன்று. 1766 உடன்படிக்கையால் தீவின் கரை முழுவதும் கம்பனி வசமாயிற்று. நம் கரையும் அதில் அடக்கம். தவளக்காரர் எருதுகளின் முதுகிலேற்றி மலைநாட்டுக்குக் கொண்டுபோன உப்புக்கு அந்நியனின் இசைவு வேண்டியதாயிற்று. ஊருக்கும் ஊருக்கும் இடையே எருதுத் தடத்தில் ஓடிய அந்த உறவை விளையாட்டின் வர்த்தகப் பாதை வெறும் பொன்னாகவே காட்டுகிறது.

2018இல் வந்த சேர்க்கையில் ‘விசுவாசம்’ என்றொரு கணக்கும் உண்டு. பிடித்த நகரில் ஆளுநரை அமர்த்தினால் அது உயரும். 1815இல் கண்டியைப் பெற்ற ஆங்கிலேயரும் அப்படித்தான் எண்ணினர் போலும். நமது மேற்கெல்லைக்கு அப்பாலுள்ள வெல்லஸ்ஸவில் ஹாஜி என்ற முஸ்லிம் ஒருவரைத் தவளப் போக்குவரத்துக்கு முகாந்திரமாக நியமித்தனர். பழைய பிரதானிகளின் உரிமை குறுகியது; 1817இல் வெடித்த கிளர்ச்சிக்கு இதுவும் ஒரு பொறி. அந்த ஹாஜி கிளர்ச்சிக்காரரிடம் அகப்பட்டுக் கொல்லப்பட்டார். 1818இல் ஆங்கிலேயர் ஊவாவின் ஊர்களையும் விளைச்சலையும் எரித்துக் கிளர்ச்சியை அடக்கினர். தவளக்காரனுக்கும் கமக்காரனுக்கும் இடையே பகையை விதைத்தவன் எவன் என்பது இன்றும் நம் ஊர்களில் கேட்கப்படாத கேள்வியாகவே இருக்கிறது.

நம் பகுதிப் பிள்ளைகள் பெரும்பாலும் சலாஹுத்தீனாக ஆடுகிறார்கள். 2025இல் வந்த ஏழாம் பதிப்பில் சோழர் இருப்பதால் வேறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம். படையெடுப்பவன் ‘நம்மவன்’ ஆனதும் மதிலுக்குள் இருப்பவன் மேலும் மறைந்துபோகிறான். சலாஹுத்தீன் 1187இல் கரையோர ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, தீர் நகரை மட்டும் தவறவிட்டதைப் போரியல் பேசுவோர் குறையாகச் சொல்வர். ஜெரூசலம் பணிந்தபோதோ மீட்புப் பணம் பெற்று மக்களை வெளியேற விட்டார். பணம் இல்லாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அத்தகைய பேச்சுவார்த்தைக்கும் பேரத்திற்கும் விளையாட்டின் முற்றுகையில் இடமில்லை.

இவற்றையெல்லாம் வகுப்பில் இரண்டு பாடவேளை பேசினோம். நகரைப் பிடித்தல் என்றால் என்னவென்று இம்மாணவரின் பெற்றோருக்குச் சரித்திரப் புத்தகம் சொல்லவேண்டியதில்லை. பிள்ளைகளோ 2009க்குப் பின் பிறந்தவர்கள். வளைக்கப்பட்ட ஊரொன்றின் உள்ளிருந்து ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னோம். பலர் வீரர்களையே எழுதினர். ஒரு மாணவி மட்டும், உம்மா அரிசியைச் சுண்டால் அளந்து பானையிலிட்டு, மறுபடி ஒரு பிடி எடுத்து வைப்பதை எழுதியிருந்தாள்.

சில நாட்களின் பின், ஒதுக்குப்புற ஊரை முதலில் பிடிக்கவேண்டும் என்றவனைக் கண்டோம். கண்டியை என்ன செய்தாய் என்று கேட்டோம். அதை விட்டுவைத்திருப்பதாகச் சொன்னான். மகிழ்ந்துபோய்க் காரணம் கேட்டோம்.

“சின்னம் கூட வருது, சேர்” என்றான்.