டெல்டா காற்றை உள்ளே அழைக்கும் விசிறி

கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஜூலைப் பகல் 38 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். பொழுது சாய்ந்தால் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கமிருந்து டெல்டா காற்று கிளம்பிவிடும். விடியற்காலையில் 16 டிகிரிதான். ஆனாலும் பகலெல்லாம் வெயில் குடித்த சுவரும் பரணும் அனலை விடாமல் பிடித்து வைத்திருக்கும். அதை விரட்டத்தான் முழுவீட்டு விசிறி.

நடைவழியின் உட்கூரையில் பதித்திருப்பார்கள். முதலில் ஜன்னல்களைத் திறக்க வேண்டும். இதை மறக்கவே கூடாது. மூடிய வீட்டில் ஓட்டினால் கேஸ் ஹீட்டரின் புகையை உள்ளே இழுத்துவிடும். சுவிட்சைத் தட்டியதும் மேலே தகடுகள் படபடவென்று திறக்கும். மறுகணம் திரைச்சீலை உள்பக்கமாகப் பொங்கி எழும். வீட்டுச் சூடெல்லாம் பரணுக்கு ஏறி, கூரைத் துவாரங்கள் வழியே வெளியேறும். தண்ணீர் தெளித்த புல்லின் வாசம் படுக்கைவரை வரும். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஏசி குளிரைத் தரும். இந்த வாசத்தைத் தராது.

மின்செலவும் ஏசியைவிட வெகு குறைவு. காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்களில் மட்டும் விசிறியைத் தொட முடியாது. மற்ற நாட்களில், காலையில் ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால், நண்பகலிலும் தரை பாதத்துக்குச் சில்லென்றிருக்கும்.