பைண்டு புத்தகம்

தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் காலை நேரம் ஒரு கை கைப்பிடிக்கு. மிச்சமிருக்கும் கைக்குச் செல்போன்தான் பொருந்தும். 1998-இல் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்ற இலவச மின்னூல் முயற்சியின் புண்ணியத்தில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் காசில்லாமல் அதில் அடங்கிவிடும். கிண்டி வருவதற்குள் ஓர் அத்தியாயம் முடியும்.

ஆனாலும் என் ஓட்டு பழைய பைண்டு புத்தகத்துக்கே. 1950-இல் ‘கல்கி’ வார இதழில் தொடங்கிய அதே கதையின் தொடரை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நூலால் தைத்து, காலிகோ முதுகு ஒட்டிய தொகுப்பு. மணியம் வரைந்த வந்தியத்தேவன் அதில் உண்டு. ஓரத்தில் துணுக்கும், பின்பக்கத்தில் விளம்பரமும், பைண்டரின் கத்தி தின்ற வரியும் உண்டு. செல்போன் கதையைத் தருகிறது. பைண்டு புத்தகம், அந்தக் கதைக்காக ஒரு வீடே காத்திருந்த வாரங்களையும் சேர்த்துத் தருகிறது. ரயிலுக்கு அது, ஞாயிற்றுக்கிழமைக்கு இது.