இப்னு பதூதாவின் ரிஹ்லா: அந்நிய மண்ணில் கல்வியும் உத்தியோகமும் இழப்பும்

இப்னு பதூதாவின் பிரயாண நூல் எமது வாசகர்களுக்குப் புதியதன்று. புத்தளத்தில் கரையிறங்கியவர், பாவா ஆதம் மலையில் ஏறியவர், சீனம்வரை சென்று மீண்டவர் என்றவாறு பாடநூல்களிலும் சிறப்பு மலர்களிலும் அவர் அடிக்கடி நினைவுகூரப்படுகின்றார். நகரங்களின் விநோதங்களையும் பயணங்களின் அற்புதங்களையும் நோக்குவோருக்கு வழங்கப்படும் அன்பளிப்பு என்பதே நூலின் முழுப்பெயர் தரும் பொருளாகும். எனவே அதனை அற்புதங்களின் தொகுப்பாக வாசிப்பது தவறன்று. எனினும், நாம் இங்கு அதனை வேறொரு கோணத்தில் வாசிக்க விழைகின்றோம். கல்விக்காகவும் பின்னர் உத்தியோகத்துக்காகவும் அந்நிய தேசங்களில் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு மனிதனின் வரவு செலவுக் கணக்காக அந்நூல் எமக்கு என்ன சொல்கின்றது என்பதே எமது கேள்வி. பிள்ளைகளை ஊரில் விட்டுக் கடல் கடந்து உழைப்போரை வீட்டுக்கு வீடு கொண்டுள்ள ஒரு சமூகத்துக்கு இக்கேள்வி வெறும் இலக்கியக் கேள்வியாக இருக்க முடியாது.

நூலின் நம்பகத்தன்மை

முதலில் நூலின் தன்மை பற்றிச் சில வார்த்தைகள். 1304 இல் மொரோக்கோவின் தஞ்சா நகரில் பிறந்த இப்னு பதூதா, 1325 இல், தமது இருபத்தொராவது வயதில் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டார். ரிஹ்லாவை அவர் தமது கையால் எழுதவில்லை. தாயகம் மீண்ட பின்னர், மரீனிய சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸை என்ற அறிஞர் தொகுத்து 1355 இல் நிறைவு செய்தார். திமிஷ்க், மக்கா, மதீனா பற்றிய வர்ணனைகளிற் பெரும்பகுதி, 1183 இல் பயணம் தொடங்கிய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்தாளப்பட்டவை என்பதை ஆய்வாளர் நிறுவியுள்ளனர். பல்கார் பயணம் நிகழ்ந்ததா என்பதிலும், சீனத்தில் அவர் எவ்வளவு தூரம் சென்றார் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. அவரது கதைகளை அரசவையினர் நம்பவில்லை என்பதை இப்னு கல்தூன் தமது முகத்திமாவிலேயே பதிவு செய்துள்ளார்.

இக்குறைகளை மறைப்பது நூலுக்குச் செய்யும் மரியாதையாகாது. ஆயினும் இரவல் வாங்கப்படுபவை பெரும்பாலும் மாளிகைகளும் மினாராக்களுமே. தனக்குப் பெருமை சேர்க்காத, எவரும் கேட்டு வியக்காத சிறு செய்திகளை எவரும் இரவல் வாங்குவதில்லை. இந்நூலில் நாம் ஊன்றி நோக்க வேண்டியவை அச்சிறு செய்திகளே.

கல்வி நாடிய அந்நியன்

அத்தகைய செய்தியொன்று நூலின் தொடக்கத்திலேயே வருகின்றது. தூனிஸ் நகரைச் சென்றடைந்த வேளை, கூட வந்தோரை ஊரவர் எதிர்கொண்டு ஸலாம் கூறினர். தம்மை அறிந்து ஸலாம் கூற எவருமில்லாததால் இப்னு பதூதா கண்ணீர் விட்டார். யாத்திரிகர் ஒருவர் அதனைக் கண்ணுற்று, அருகில் வந்து பேச்சுக் கொடுத்து ஆறுதலளித்தார். முதன்முறை வெளிநாட்டு விமான நிலையத்தில் தனித்து நின்ற எவருக்கும் அக்கண்ணீர் புரியும்.

அந்த அந்நியனை அக்கால முஸ்லிம் உலகு எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதே அடுத்து நாம் அவதானிக்க வேண்டியது. 1326 ரமழானில் அவர் திமிஷ்கை அடைகின்றார். உமையாப் பள்ளிவாசலில், முதுபெரும் முஹத்திஸான அல்ஹஜ்ஜாரிடம் ஸஹீஹுல் புகாரியைச் செவிமடுக்கின்றார். பலரிடமிருந்து இஜாஸா பெறுகின்றார். அவர்களுள் ஸைனப் பின்த் அஹ்மத் என்ற புகழ்பெற்ற பெண் முஹத்திஸும் ஒருவர். மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமான காலத்தில் இவ்வளவும் சாத்தியமா என வினவுவோருளர். வினா நியாயமானதே. அதே காலப்பகுதியில் தாம் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டதையும் அவரே ஒப்புக்கொள்கின்றார். மாலிகி மத்ஹபின் ஆசிரியரான நூருத்தீன் ஸகாவி ரமழான் இரவுகளில் நோன்பு துறக்கத் தம் இல்லத்துக்கு அழைத்து அவரைப் பேணினார். இப்பெயரை வாசகர் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகின்றோம்.

இவ்வுபசாரம் தனிமனிதரின் தயாளத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் வழங்கும் வக்ஃபுகள் திமிஷ்கில் இருந்தன. கையிலிருந்த சீனத்துப் பீங்கான் தட்டை வீதியில் தவறவிட்டு உடைத்த அடிமைச் சிறுவன் ஒருவன், அதன் துண்டுகளைக் காட்டி, பாத்திரங்களுக்கான வக்ஃபிலிருந்து அதன் விலையைப் பெற்றுக்கொண்டதை இப்னு பதூதா வியப்புடன் விவரிக்கின்றார். அந்நியனின் பாதுகாப்பு நிறுவனமயப்படுத்தப்பட்டிருந்த ஒரு நாகரிகத்தையே நாம் இங்கு காண்கின்றோம். கடவுச்சீட்டு இல்லாத அவ்வுலகில் ஒரு மாணவனுக்கு இஜாஸாவே அடையாள அட்டையாக விளங்கிற்று.

உத்தியோகமும் அதன் விலையும்

பயணத்தின் இரண்டாம் கட்டத்தில் மாணவன் உத்தியோகம் தேடுபவனாகின்றான். 1333 இல் சிந்து நதியை அடைந்த இப்னு பதூதா, டில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் கொடையை நாடிச் சென்றவர்களுள் ஒருவராவார். வெளிநாட்டினரை அந்நியர் எனப் பொருள்தரும் குரபா என்ற சொல்லால் அழைக்கலாகாது, கண்ணியத்துக்குரியோர் எனப் பொருள்தரும் அஇஸ்ஸா என்ற சொல்லாலேயே அழைக்க வேண்டும் என அந்த சுல்தான் ஆணையிட்டிருந்தார். பாரசீக மொழியிற் போதிய தேர்ச்சியற்றவரும், ஹனபி மத்ஹபினர் வாழும் நகரில் மாலிகி மத்ஹபைச் சார்ந்தவருமான ஒருவருக்கு, ஆண்டுக்கு 12,000 தீனார் சம்பளத்தில் டில்லி காழிப் பதவி கிடைத்தது. வேலையை நடத்த இரு உதவியாளர்களும் நியமிக்கப்பட்டனர்.

இதனைப் புலமைக்குக் கிடைத்த மரியாதையாக மட்டும் வாசிப்போர் ஒரு தொகையைக் கவனிக்கத் தவறுகின்றனர். சுல்தானுக்குக் காணிக்கை அளிக்காது அவையில் நுழைய முடியாது. அக்காணிக்கைக்கான பணத்தைப் புதிதாக வருவோருக்குக் கடனாகக் கொடுப்பதையே வணிகர் சிலர் தொழிலாகக் கொண்டிருந்தனர். இப்னு பதூதாவின் கடன் 55,000 தீனாராக உயர்ந்தது. முகவருக்குக் கொடுக்க வட்டிக்குக் கடன்பட்டு விமானமேறும் எமது இளைஞனின் நிலை ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. வேறுபாடு ஒன்றுண்டு. இப்னு பதூதாவின் கடனை இறுதியில் சுல்தானே அடைத்தார். எமது இளைஞனின் கடனை அவனது தாயின் நகையே அடைக்கின்றது.

உத்தியோகத்தின் மற்றொரு விலை மௌனமாகும். டில்லி சுல்தானின் சினத்துக்கு ஆளான ஒரு ஷெய்கைச் சந்தித்த குற்றத்துக்காக இப்னு பதூதா சில நாட்கள் காவலில் வைக்கப்பட்டு உயிரச்சத்தில் வாழ்ந்தார். மஃபர் எனப்பட்ட தமிழகக் கரையில், மதுரை சுல்தான் கியாஸுத்தீன் தமக்கு முன்னிலையிலேயே கைதிகளையும் அவர்தம் மனைவி மக்களையும் கொல்வித்ததை அவர் பதிவு செய்துள்ளார். ஒருமுறை அதனைக் காணச் சகியாது எழுந்தபோது, எங்கே செல்கிறீர் எனச் சுல்தான் வினவினான். அஸர் தொழச் செல்வதாக இவர் விடையளித்தார். வேறெந்த அரசனிடத்தும் தாம் அறிந்திராத இழிசெயல் இது என்ற அவரது கண்டனம் நூலில் உள்ளது, அவையில் இல்லை. இதே சுல்தானுடன் சேர்ந்தே, முன்னர் தாம் காழியாக இருந்த மாலைதீவின் மீது படையெடுக்கும் திட்டத்தையும் அவர் வகுத்தார் என்பதை நாம் சொல்லாது விடலாகாது. புலமை ஒருவருக்குப் பதவியைப் பெற்றுத்தரலாம். பதவியைத் துறக்கும் துணிவைத் தானாகத் தந்துவிடுவதில்லை.

கண்ணியமான அந்நியர் என்ற தகுதி எல்லோருக்கும் உரியதாகவும் இருக்கவில்லை. அவரது சுமைகளைச் சுமந்தோர், கப்பலோட்டியோர், அவர் விலைக்கு வாங்கியும் அன்பளிப்பாகப் பெற்றும் கொண்ட அடிமைகள் ஆகியோரும் அந்நிய மண்ணில் வாழ்ந்தவர்களே. அவர்களுட் பெரும்பாலோருக்கு நூலில் பெயரில்லை. 1344 இல் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்கும் துணைவரும் கொடுத்து அவரைப் பாவா ஆதம் மலைக்கு அனுப்பிய விருந்தோம்பலை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கின்றோம். அப்பல்லக்கைச் சுமந்தோரைப் பற்றி நாம் எப்போதாவது வினவியதுண்டா?

ஒற்றை வாக்கியத்தின் பாரம்

திமிஷ்கில் ஒரு மனைவியைக் கருவுற்ற நிலையில் விட்டுச் சென்றிருந்தார் இப்னு பதூதா. ஆண்குழந்தை பிறந்த செய்தி அவரை இந்தியாவிலேயே எட்டியது. குழந்தையின் தாய்வழிப் பாட்டனாருக்கு நாற்பது பொற்காசுகளை அனுப்பி வைத்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், 1348 இல் மீண்டும் திமிஷ்கை அடைந்தபோது, மகனைப் பற்றி அறிவதே தமது நாட்டமாக இருந்தது என்கின்றார். பள்ளிவாசலில் நூருத்தீன் ஸகாவியைக் காண்கின்றார். முன்பு தம் வீட்டு உணவால் இவரைப் பேணிய அதே மனிதருக்கு இவரை அடையாளந் தெரியவில்லை. தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு மகனைப் பற்றி வினவுகின்றார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவன் இறந்துவிட்டான் என்ற விடை கிடைக்கின்றது. தந்தையார் மறைந்து பதினைந்து ஆண்டுகள் கடந்துவிட்டதையும் அவர் அந்நகரிலேயே அறிகின்றார். தாயாரோ, மகன் தாயகத்தை அடையும் முன் கொள்ளைநோய்க்கு இரையாகிவிட்டார்.

மகனின் மரணத்தைச் சொல்லிய பின் நூல் வேறு செய்திக்குச் சென்றுவிடுகின்றது. புலம்பலில்லை, கவிதையில்லை, அலங்காரமில்லை. வர்ணனைகளைத் தாராளமாக இரவல் வாங்கிய ஒரு நூல், இந்த இடத்தில் எவரிடமும் எதனையும் இரவல் வாங்கவில்லை. மாலைதீவிலும் சிறு மகனொருவனைக் காணச் சென்று, தாயிடமே விட்டுத் திரும்புகின்றார். அச்செய்தியும் சில வரிகளே. இச்சில வரிகளை வைத்துப் பார்க்கும்போது, 12,000 தீனார் சம்பளமும் சுல்தான்களின் அங்கிகளும் வேறு நிறம் பெறுகின்றன. எமது மதிப்பீட்டில் ரிஹ்லாவின் இலக்கியப் பெறுமதி அற்புதங்களில் இல்லை, இவ்வரிகளிலேயே உள்ளது.

எமது தேசத்தில் 1970களின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்கு நோக்கிச் சென்றோருள் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மார் பெருந்தொகையினர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் அவ்வாறு செல்வதை மட்டுப்படுத்த 2013 இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்க நேர்ந்தது. நாற்பது பொற்காசுகளை அனுப்பிய தந்தையின் கதை ஒவ்வொரு மாதமும் வங்கிகளின் வழியே எழுதப்படுகின்றது. ஆனால் அதனைக் கேட்டு எழுதும் இப்னு ஜுஸை எமக்கு வாய்க்கவில்லை. அனுப்பிய பணத்தைக் கணக்கிடுகின்றோம். கட்டிய வீட்டையும் பள்ளிவாசலுக்குக் கொடுத்த நன்கொடையையும் பேசுகின்றோம். திரும்பி வந்தவரிடம், நீங்கள் இல்லாத காலத்தில் இவ்வீட்டில் யார் யார் மௌத்தானார்கள் என்று கேட்டு எழுதியவர் மிகச் சிலரே.

பிரயாண இலக்கியத்தை முஸ்லிம்கள் உலகுக்களித்த கொடையாகப் போற்றும் நாம், பல்லக்கில் சென்றவரின் நூலோடு நின்றுவிடுவது அக்கொடைக்குப் பொருத்தமாகாது. எமது தலைமுறையின் ரிஹ்லாக்கள் ஏட்டுச்சுவடிகளில் இல்லை. அவை எமது அயல்வீடுகளில், சொல்லப்படாமல், முதுமையடைந்து கொண்டிருக்கின்றன.