பியானோவின் மேனி: மென்னொளியும் கண்ணாடி மெருகும்

ஸ்ரெயின்வே நிறுவனத்தின் பியானோக்கள் இரு நகரங்களில் ஆக்கப்படுகின்றன. நிறுவனம் 1853இல் தோன்றிய நியூயோர்க்கின் கருநிறப் பியானோ, நெடுங்காலம் சற்றின் துணியையொத்த மென்னொளிக்குப் பெயர்பெற்றிருந்தது. 1880இல் தொழிற்சாலை நிறுவப்பெற்ற ஹம்பேர்க்கின் பியானோவோ முகம் பார்க்கத்தக்க கண்ணாடி மெருகுக்குப் பெயர்பெற்றது. இவ்வேறுபாட்டை இரசிகர் சிலர் அழகியற் கோட்பாடாகவே உயர்த்திவிட்டனர். மென்னொளி மரபின் அடக்கமாம். கண்ணாடி மெருகு வணிகத்தின் பகட்டாம். கவர்ச்சியான இக்கூற்று வரலாற்றின் முன் நிற்கமாட்டாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர் இல்லங்களை அலங்கரித்த பியானோக்களுட் பல பளபளப்பானவையே. மதுசாரத்திற் கரைத்த அரக்கைத் துணிப்பொதியில் எடுத்து, மிக மெல்லிய படைகளாக மீண்டும் மீண்டும் தேய்த்தே அவ்வொளி வருவிக்கப்பட்டது. (பாரதக் கதையில் மாளிகையாகி எரிந்த அதே அரக்குத்தான்.) நியூயோர்க்கின் மென்னொளிக்கு அடிப்படையான நைத்திரோசெலுலோசு லாக்கரோ இருபதாம் நூற்றாண்டிற் பரவிய இரசாயனப் பண்டம். பொலியெஸ்ரர் அதற்கும் பிந்தியது. ஆகவே, மரபு எனப் போற்றப்படுவது பளபளப்புக்குப் பின் வந்ததேயாகும். அண்மைக்காலத்தில் நியூயோர்க்கும் கண்ணாடி மெருகை ஏற்றுக்கொண்டுள்ளது.

மெருகை இசையின் தரத்தோடு பிணைப்போரும் உளர். ஒலியைப் பெருக்குவது உள்ளிருக்கும் ஸ்புரூஸ் மரத்தாலான மெல்லிய ஒலிப்பலகை. புறப்பெட்டியின் மெருகு அதனைத் தீண்டுவதில்லை. வாசிப்போரின் முறைப்பாடு வேறு. கண்ணாடி மெருகிட்ட மூடிப்பலகை அவர்தம் விரல்களை அவர்களுக்கே திருப்பிக் காட்டும்; மேடைவிளக்கும் அதிற் பட்டுக் கண்ணைக் கூசச்செய்யும். மென்னொளியின் சார்பில் முன்வைக்கத்தக்க நேர்மையான வாதம் இதுவொன்றே எனலாம்.

அடக்கம் என்ற சொல் மறைப்பது உழைப்பையே. உலர்ந்த லாக்கரை நுண்ணிய உராய்பொருளால் ஒரே திசையில் தேய்க்கும்போது மயிரிழையினும் நுண்ணிய கோடுகள் விழுகின்றன. அவை ஒளியைச் சிதறச் செய்வதாலேயே மென்னொளி பிறக்கிறது. பொலியெஸ்ரரையும் தொழிலாளி தேய்க்கத்தான் செய்கிறான். ஆனால் கோடு ஒன்றேனும் எஞ்சாதவரை தேய்க்கிறான். ஒன்று உழைப்பின் சுவட்டை அழிக்கிறது. மற்றையது அதனை அலங்காரமாக்குகிறது. இரண்டிலும் தொழிலாளியின் பெயர் இல்லை. அலங்காரமாக்கப்பட்ட சுவட்டை எளிமை எனப் பாராட்டுவது விமர்சனமாகாது. அது விற்பனையாளனின் சொல்லை இரவல் வாங்குவதாகும். அந்த எளிமைதானும் நிலைப்பதில்லை. ஆண்டுக்கணக்கிற் கைபட்ட இடங்களில் நுண்கோடுகள் தேய்ந்துவிட, மென்னொளிப் பியானோவும் பளபளக்கத் தொடங்குகிறது.