பால்மைராவில் ஒரு டிரைவர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் இளைஞர் சுங்குவார்சத்திரத்தில் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, இரண்டு வருஷத்துக்கு ஒரு தேசம் என்று பார்த்து வருகிறவர். 2025-ஆம் வருஷக் கடைசியில் சிரியாவுக்குப் போய் வந்து, 'பாலைவனத்தின் ராணி' என்று ஒரு பிரயாணக் கட்டுரை எழுதியிருந்தார். பதினோரு பக்கம். "பத்திரிகைக்கு அனுப்பலாமா, சார்? ஒளிக்காமல் சொல்லுங்கள்" என்றார்.

ஒளிக்காமல் அபிப்பிராயம் சொல்வது எழுத்தாளனுக்குப் பகை தேடித் தருகிற காரியம். ஆனாலும் கேட்டுவிட்டார். அவரிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஏனென்றால் நான் கண்ட குறை அவருடையது மட்டும் அல்ல.

கட்டுரையில் சரித்திரம் சுத்தமாக இருந்தது. பால்மைரா, அரபு மொழியில் தத்மூர், யூப்ரடீஸ் நதிக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே ஊற்று நீர் உள்ள ஒரு பாலைவனப் பட்டணம். ஒட்டகச் சாத்துக்கள் இறங்கி, இளைப்பாறி, வரி கட்டிவிட்டுப் போகும் இடம். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. அந்தக் கணக்கில் பால்மைராவும் ஒரு சத்திரந்தான். கொஞ்சம் பெரிய சத்திரம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் அங்கே ஜெனோபியா என்ற அரசி ரோமாபுரியையே எதிர்த்து நின்றாள். 272-ல் அரேலியன் சக்கரவர்த்தியிடம் தோற்றாள். 2015 மே மாதம் ஐ.எஸ். படை ஊரைப் பிடித்தது. ஆகஸ்டில் பால்ஷமின் கோயிலையும் பேல் கோயிலையும் வெடி வைத்துத் தகர்த்தது. அக்டோபரில் வெற்றி வளைவையும் வீழ்த்தியது. இவ்வளவையும் இளைஞர் தப்பில்லாமல் எழுதியிருந்தார். தூண்களின் மீது மாலை வெயில் விழுவதை வர்ணித்த இடத்தில் நல்ல நடையும் இருந்தது.

பிறகு ஒரு வேலை செய்தேன். பதினோரு பக்கத்தில் மனிதர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். அரசி ஒருத்தி, சக்கரவர்த்தி ஒருவர், வெடி வைத்த கொடியவர்கள் ஒரு கூட்டம். உயிரோடு இருக்கிற, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் கிடைத்தது ஒரு வரி: "எங்கள் டிரைவர் நல்ல மனிதர்."

இன்னொரு வரியும் என் கண்ணில் பட்டது. "வழியில் சற்றுத் தாமதம் ஏற்பட்டதால் மாலை வெளிச்சம் கைநழுவிப் போயிற்று."

"தம்பி, என்ன தாமதம்?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். "அது ஒன்றும் இல்லை, சார். டிரைவர் அந்த ஊர்க்காரர்தான். புது ஊருக்குள் ஓரிடத்தில் காரை நிறுத்தினார். கூரை இல்லாத ஒரு வீடு. அவருடைய வீடாம். பின்சீட்டிலிருந்து ஒரு தண்ணீர்க் கேனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் போனேன். முற்றத்தில் ஒரு மாதுளைக் கன்று வைத்திருந்தார். அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். அதற்குள் வெயில் இறங்கிவிட்டது."

2015-ல் அந்த டிரைவர் குடும்பத்தோடு ஓடியிருக்கிறார். ஜோர்தான் எல்லை ஓரமாக ருக்பான் என்று பாலைவனத்தில் ஓர் அகதி முகாம் இருந்தது. பல வருஷம் அங்கே கூடாரத்தில் காலம் தள்ளியிருக்கிறார். 2025 ஜூனில் கடைசிக் குடும்பங்களும் வெளியேறி அந்த முகாம் காலியானது. அதற்குச் சற்று முன்னால் ஊர் திரும்பியவர், இரவல் காரை ஓட்டிப் பிழைக்கிறார். கூரை போடப் பணம் இல்லை. கன்று மட்டும் நட்டு வைத்திருக்கிறார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றேன்.

"அது அவருடைய சொந்த விஷயம், சார். கட்டுரை பால்மைராவைப் பற்றி."

இந்தப் பதிலைத்தான் நான் விசாரிக்க விரும்புகிறேன். ஏனென்றால் இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த பதில் அல்ல. இருநூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக ஐரோப்பியப் பிரயாணிகள் சொல்லிச் சொல்லி, நாமும் பாடம் பண்ணிக்கொண்ட பதில்.

ராபர்ட் வுட் என்ற ஆங்கிலம் எழுதும் பிரயாணி 1751-ல் அங்கே போய், 1753-ல் பால்மைராவின் இடிபாடுகளைப் பற்றி ஒரு பெரிய சித்திரப் புஸ்தகம் வெளியிட்டார். அந்தச் சித்திரங்களைப் பார்த்து இங்கிலாந்துப் பிரபுக்கள் தங்கள் மாளிகை விதானங்களை அலங்கரித்துக்கொண்டார்கள். வோல்னி என்ற பிரெஞ்சு அறிஞர் 1791-ல் எழுதிய நூலில், அதே இடிபாடுகளுக்கு நடுவே உட்கார்ந்து சாம்ராஜ்யங்களின் வீழ்ச்சியை எண்ணிப் பெருமூச்சு விட்டார். அவர் பால்மைராவுக்குப் போகவே இல்லை என்பது வேடிக்கை. இடிபாடு என்றால் நிசப்தம், சூனியம், தனிமை. அப்படி ஒரு ருசி உலகத்துக்கு ஏற்பட்டுவிட்டது.

உண்மையில் அங்கே சூனியம் இருக்கவில்லை. பேல் கோயில் பின்னாளில் கிறிஸ்தவ தேவாலயமாயிற்று, பிறகு மசூதியாயிற்று. அதன் மதிலுக்குள்ளேயே ஜனங்கள் மண் வீடு கட்டி, ஆடு வளர்த்து, பிள்ளை பெற்று, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ஆட்சியில், 1929-ல் தொடங்கி, அவர்களை அங்கிருந்து எழுப்பிப் பக்கத்தில் புது ஊர் கட்டிக் குடியேற்றினார்கள். கோயில் வெறுமையாயிற்று. பிரயாணிகள் புஸ்தகத்தில் படித்த சூனியம் அதற்குப் பிறகுதான் கண்ணுக்கும் கிடைத்தது! நம் இளைஞரின் டிரைவர் தண்ணீர் ஊற்றியது அந்தப் புது ஊரில்தான். கையால் ஒரு முறை காலி செய்த இடத்தைப் பேனாவால் இன்னொரு முறை காலி செய்கிறோம் என்று நான் சொன்னால் அது மிகையாகுமா?

வேறு விதமாக எழுதியவர்களும் இல்லாமல் போகவில்லை. துப்பறியும் நாவல்களுக்குப் பெயர்பெற்ற அகதா கிறிஸ்டி, தொல்பொருள் ஆராய்ச்சியாளரான கணவரோடு 1930-களில் சிரியாவில் அகழ்வு முகாம்களில் தங்கியிருந்தார். 1946-ல் அதைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டார். அதில் ராஜாக்கள் குறைவு. சமையல்காரன், டிரைவர், மண் வெட்டுகிற கூலிகள், அவர்கள் போடுகிற சண்டைகள் ஆகியவை அதிகம். வெள்ளைக்கார எஜமானியின் தோரணை சில இடங்களில் உறுத்தத்தான் செய்கிறது. இருந்தாலும் ஆட்கள் இருக்கிறார்கள். தமிழில் ஏ. கே. செட்டியாரை எடுத்துக்கொள்ளுங்கள். மகாத்மாவைப் பற்றிப் படம் எடுக்க உலகம் சுற்றியவர். 1940-ல் படத்தை வெளியிட்டவர். அவருடைய பிரயாணக் கட்டுரைகளில் 'நான்' பின்னால் நிற்கும். சந்தித்த ஆள் முன்னால் நிற்பார். நாமோ அவரைப் பிரயாண இலக்கியத்தின் முன்னோடி என்று கொண்டாடுகிறோம். அந்தப் பாடத்தை மட்டும் படிப்பதில்லை.

மனிதர்களை விட்டுவிட்டால் சுவை குறையும் என்பது மட்டும் அல்ல. உண்மையும் தப்பிப் போகும். யுனெஸ்கோ பால்மைராவை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 1980-ல். அதே 1980 ஜூனில் அதே ஊரில் இருந்த சிறைச்சாலையில் நூற்றுக்கணக்கான கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பின்னும் பல வருஷம் வெளிநாட்டார் வந்து தூண்களைப் படம் பிடித்தார்கள். சிறையின் மதில் அவர்கள் படத்தில் விழவில்லை. 2015-ல் ரோமானிய நாடக அரங்கில் வைத்து ஐ.எஸ். படையினர் கைதிகளைச் சுட்டார்கள். 2016 மே 5-ஆம் தேதி அதே அரங்கில் ரஷ்ய வாத்தியக் கோஷ்டி ஒன்று கச்சேரி செய்தது. சில மாதங்களில் ஊர் மறுபடி பறிபோயிற்று. காலித் அல்-அசாத் என்ற முதியவர் அந்த ஊரிலேயே பிறந்து, நாற்பது வருஷம் அந்தப் புராதனச் சின்னங்களுக்குப் பொறுப்பாக இருந்து, பழைய பால்மைரா எழுத்தைப் படித்துச் சொன்னவர். 2015 ஆகஸ்டில் எண்பது வயது தாண்டிய அவரைத் தலையை வெட்டிக் கொன்றார்கள். பேல் கோயிலுக்கு இளைஞர் இரண்டு பக்கம் கொடுத்திருந்தார். இவர் பெயர் அவர் கட்டுரையில் இல்லை.

இத்தனைக்கும் கற்கள் நம்மைப் போல ராஜாக்களையே பேசுவதில்லை. பால்மைராவின் பெயர்பெற்ற கல்வெட்டு கி.பி. 137-ஆம் வருஷத்து வரிப் பட்டியல். ஒட்டகச் சுமைக்கு இவ்வளவு, ஆட்டுத்தோல் பையில் வரும் எண்ணெய்க்கு இவ்வளவு, ஊற்றுத் தண்ணீருக்கு இவ்வளவு என்று அது கணக்குச் சொல்கிறது. இன்று அந்தக் கல் ரஷ்யாவில் ஹெர்மிடாஜ் காட்சிசாலையில் இருக்கிறது. எகிப்தில் செங்கடல் ஓரத்துக் குசைர் அல்-கதீமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ் பிராமி எழுத்து இருந்தது என்று நாம் பெருமைப்படுகிறோம். ஐராவதம் மகாதேவன் அதை 'பானை ஒறி' என்று படித்தார். உறியில் தொங்கும் பானை! கடல் தாண்டிப் போய் நிலைத்தது சமையல்கட்டுச் சாமான்தான். நாம் அதைப் பற்றி எழுதும்போது மட்டும் திரைகடல் ஓடிய வீரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இவ்வளவையும் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. 2009-ல் நான் ஹம்பிக்குப் போனேன். விருபாட்சர் கோயில் எதிரே கடைவீதியில், பழைய கல் மண்டபத்தையே வீடாக்கிக் குடியிருந்த ஓர் அம்மாள் மூன்று நாள் எனக்குச் சோறு போட்டார். மூன்றாம் நாள் காசு வாங்க மறுத்துவிட்டார். ஊர் திரும்பி ஒரு தீபாவளி மலருக்கு ஹம்பியைப் பற்றி எழுதினேன். கல் ரதம் இருந்தது, துங்கபத்திரை இருந்தது, தலைக்கோட்டைச் சண்டை இருந்தது. அந்த அம்மாள் இல்லை. 2011 ஜூலையில், பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் குடியிருக்கக் கூடாது என்று அந்த வீதி வீடுகளை இடித்து அகற்றிய செய்தியைப் பத்திரிகையில் படித்தேன். மறுபடி போனபோது மண்டபங்கள் சுத்தமாக இருந்தன. அவரை விசாரிக்க எனக்கு அவர் பெயர் தெரியவில்லை.

எங்களுக்கு அடுத்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21-ஆம் தேதி இரவு, கடல் கடந்து நடந்துகொண்டிருந்த ஒரு யுத்தம் அங்கே வந்து வெடித்தது. ராஜீவ் காந்தியோடு இன்னும் பலர் மாண்டார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இன்று அங்கே ஏழு தூண்கள் உள்ள நினைவிடம் இருக்கிறது. 2003-ல் அப்துல் கலாம் திறந்துவைத்தார். பஸ்ஸில் வருகிறவர்கள் தூண்களை எண்ணுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். அந்த இரவை நேரில் கண்டவர்கள் சுற்றுவட்டாரத்தில் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் ஒருவர் நம் வட்டாரத்தைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதினால் நமக்கு எப்படி இருக்கும்? இதைத்தான் இளைஞரிடம் கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தூண்களையெல்லாம் எடுத்துவிடட்டுமா, சார்?" என்றார்.

"வேண்டாம். தூண்கள் நன்றாக இருக்கின்றன. தாமதத்தை மட்டும் விவரமாக எழுதுங்கள். அந்தக் கன்று பிழைத்ததா?"

"தெரியாதே, சார். அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. வந்த பிறகு ஒரு தடவைகூடப் பேசவில்லை" என்று சொல்லிவிட்டுக் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அன்று ராத்திரி பத்து மணிக்கு அவரிடமிருந்து எனக்குப் போன் வந்தது. இரண்டு இலை விட்டிருக்கிறதாம்.