அவனும்தான் சிரித்தான்

பிளஸ் டூ பிரிவுபசார விழாவில் பட்டம் கொடுப்பது பழைய வழக்கம். இப்போது அது வளர்ந்து, ஆளுக்கொரு பத்தி எழுதி, படம் சேர்த்து, பிடிஎஃப் மலராக்கி, வாட்ஸ்அப் குழுவிலும் இன்ஸ்டாகிராமிலும் சுற்றுக்கு விடும் அளவுக்கு வந்திருக்கிறது. சில பள்ளிகளில் அச்சிட்டும் தருகிறார்கள். பிள்ளைகளின் நகைச்சுவை உணர்வுக்கும் எழுத்துத் திறமைக்கும் சான்று என்று ஆசிரியர்களும் பெற்றோரும் பூரிக்கிறார்கள். யாராவது முகம் சுளித்தால் எங்கும் ஒரே பதில்: “அன்பாத்தானே எழுதியிருக்காங்க, அவனே சிரிச்சானே.” இந்தப் பதிலோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோனார் உரையின் துணையில்லாமல் பதினேழு வயதுப் பிள்ளைகள் தம் சொந்தப் பேச்சில் எழுதிப் பார்க்கும் உரைநடை பெரும்பாலும் இது ஒன்றுதான். மாநில ரேங்க் பட்டியலை அரசு 2017இல் நிறுத்தியது. ஆனாலும் 600க்கு எவ்வளவு என்ற கேள்விதான் இன்றும் ஒரு பிள்ளையின் அடையாளம். முதல் மதிப்பெண் வாங்கியவளையும் கடைசி பெஞ்சுக்காரனையும் ஒரே நீளப் பத்தியில் வைக்கும் எழுத்துக்கு மரியாதை உண்டு. நன்றாக அமைந்தால் இது ஒரு வகுப்பறையின் வரலாறாகவும் நிற்கும்.

நன்றாக அமைகிறதா? நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஐந்தாறு அச்சுகளில் வார்த்தவை. உயரமானவன் நெட்டக்கொக்கு, கண்ணாடி போட்டவள் சோடாபுட்டி, ஒல்லியானவன் ஓமக்குச்சி, பருமனானவள் குண்டூஸ், கறுத்தவன் கருவாயன். அதிகம் பேசாதவனுக்கு எல்லா ஊரிலும் ‘சைலன்ட் கில்லர்’. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படித்தும் அவனைப் பற்றி எழுத ஒரு சம்பவம்கூடத் தெரியாததை அந்தப் பட்டம் மறைக்கிறது. வகுப்புக்குள் முதல் நாள் நுழைந்த புதியவனும் சொல்லக்கூடியதை, ஏழு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுதுவானேன்?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பள்ளிக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பட்டியல் கிடைக்காது. மழை தூறிய காலையில், கலெக்டர் லீவு விட்டுவிட்டார் என்று எவனோ சொன்னதை நம்பிப் பாதி வழியில் வீடு திரும்பியவன், அடுத்த மழைக்கும் அதே ஆள் சொன்னதை நம்பி மறுபடி திரும்பினால், அவனை நினைத்து வரும் சிரிப்பு மடனில் பிறப்பது. கெமிஸ்ட்ரி ப்ராக்டிகலில் உப்பைச் சோதிக்காமல் லேப் அண்ணனின் முகத்தைப் பார்த்தே விடை எழுதியவளிடம் இளமை இருக்கிறது. இப்படி ஒரு வரி எழுத, கூட இருந்து பார்த்திருக்க வேண்டும். எள்ளலுக்கு மட்டும் பழக்கம் வேண்டாம், கண் இருந்தால் போதும். நம் மலர்கள் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு அந்த ஒன்றையே பிடித்துக்கொண்டன.

எள்ளலை விளக்கும்போது, தொல்காப்பிய உரையாசிரியரான பேராசிரியரின் உரை, பிறரை எள்ளி நகுவதோடு, பிறரால் எள்ளப்பட்டவன் தானும் நகுவதையும் சேர்த்துக்கொள்கிறது. ‘அவனே சிரிச்சானே’ என்பவர்களுக்கு உரையாசிரியரே துணை நிற்பதுபோலத் தோன்றலாம். எள்ளப்பட்டவனும் சிரிப்பான் என்பது உண்மை. எந்த நிலையில் சிரிக்கிறான் என்பதைப் பாருங்கள். மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கில் பட்டத்தை வாசித்து, அரங்கமே கைதட்டும்போது ஒருவன் சிரிக்காமல் நின்றால் என்ன பேச்சு கிடைக்கும்? ‘சீன் போடுறான்’, ‘இதுக்குப் போய் கோச்சுக்கிறான்’. அவனுக்குச் சிரிப்பதைத் தவிர வழியில்லை. வழியில்லாமல் வந்த சிரிப்பைச் சம்மதம் என்று நாம் கணக்கெழுதுகிறோம்.

இந்தப் பட்டங்களின் நடை கவுண்டமணி – செந்தில் ஜோடியிடம் கற்றது. கற்றவர்கள் பாதியைத்தான் கற்றார்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சியை நினைத்துப் பாருங்கள். படம் முழுக்க வசை வாங்கும் செந்தில்தான் அங்கே அசைக்க முடியாதவர், கவுண்டமணிதான் கத்திக் களைக்கிறார். அடி வாங்குபவனுக்குத் திருப்பிக் கொடுக்க இன்னொரு காட்சி இருந்தது. பிரிவுபசார விழா முடிந்தால் ஸ்டடி ஹாலிடேஸ், பிறகு பரீட்சை. பதில் சொல்ல அவனுக்கு வகுப்பே மிச்சமில்லை.

பழைய ஆட்டோகிராஃப் நோட்டிலும் கேலி இருந்ததே என்பார்கள். இருந்தது. ஆனால் அந்த நோட்டு அவனுடையது, எழுதச் சொன்னவன் அவன், எழுதியவன் ‘நீ’ என்று அவனிடமே பேசினான். பிடிக்காத பக்கத்தைக் கிழித்துப் போடவும் அவனால் முடிந்தது. மலர் அவனை ‘இவன்’ என்று சுட்டிக் காட்டி மற்றவர்களிடம் பேசுகிறது. அதைக் கிழிக்க வழியில்லை.

எத்தனை காலம் கிழிக்க முடியாது என்பதற்கு அமெரிக்காவில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2018இல் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்ட பிரெட் கேவனா, 1983இல் படித்து முடித்த ஜார்ஜ்டவுன் பிரெபரேட்டரி என்ற ஆண்கள் பள்ளியின் ஆண்டு மலர் வெளியே வந்தது. அவருடைய பக்கத்திலும் அவர் நண்பர்கள் பலருடைய பக்கங்களிலும், பக்கத்துப் பெண்கள் பள்ளியில் படித்த ஒரு மாணவியின் பெயர் கேலிக்குறிப்பாக அச்சாகியிருந்தது. கேவனாவை ஆதரித்துப் பெண்கள் அனுப்பிய கடிதத்தில் அவரும் கையெழுத்திட்டிருந்தார். தம் பெயர் அப்படி அச்சானதை 35 ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்தார், மனம் புண்பட்டார். கேவனா செனட் குழுவின் முன் சொன்ன விளக்கம் நமக்குப் பழக்கமானது: அது அன்பைக் காட்ட எழுதியது. அன்பு எழுதியவர்களிடம் இருந்திருக்கலாம். அதைப் பெற வேண்டியவரிடம் போய்ச் சேரவில்லை.

நம் ஊரில் இதன் எடை இன்னும் கூடுதல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைந்த நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டக்கூடாது என்று பரிந்துரைத்தது. கையில் கட்டும் கயிற்றின் நிறத்தைக்கூடக் கண்காணிக்க வேண்டிய வகுப்பறைகள் நம்முடையவை. அங்கே தோலின் நிறத்தை வைத்து ஒரு பிள்ளைக்குப் பட்டம் எழுதிப் பள்ளியின் பெயரோடு வெளியிடுவதைக் கலாய்ப்பு என்று தள்ளிவிட முடியாது. உடம்பையும் நிறத்தையும் பெயரிட்டுக் காட்டும் பத்தி எவ்வளவு சிரிப்பு வாங்கினாலும் நான் அதைச் சொற்சித்திரம் என்று ஏற்கமாட்டேன்.

மலருக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பத்தியையும் வெளியிடும் முன் உரியவரிடம் தனியே, நண்பர்கள் சூழ்ந்து நிற்காத நேரத்தில், படிக்கக் கொடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். சரி என்றால் அதன் கீழே அவர் பதிலுக்கும் இரண்டு வரி இடம் விடுங்கள்.