முத்திரை சொல்வதும் சொல்லாததும்

என்ஜின் எண்ணெயில் கூடுதலாகக் கலக்க விற்கப்படும் சேர்க்கைப் பொருளின் புட்டியில் "அரசுப் பதிவு பெற்றது", "தரச் சோதனை செய்யப்பட்டது" என்று அச்சிட்டிருந்தால் வாங்குபவரின் ஐயம் பாதி தீர்ந்துவிடுகிறது. ஆனால் சான்றிதழ் என்பது ஒரு கேள்விக்குக் கிடைத்த விடையே. கேட்கப்பட்ட கேள்வி எது என்று பாராமல் விடையை மட்டும் நம்பலாமா?

முதலில் பதிவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் பெட்ரோலிலும் டீசலிலும் கலக்கும் சேர்க்கைகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையிடம் பதிவு செய்ய வேண்டும். தயாரிப்பாளர் அதில் அடங்கிய வேதிப்பொருள்களைத் தெரிவிக்கிறார், முகமை பதிந்துகொள்கிறது. அது மைலேஜைக் கூட்டுமா என்று முகமை சோதிப்பதில்லை. ஆகவே பதிவு என்பது பரிந்துரை அன்று.

அடுத்து, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்ட முத்திரை. இது முழுமையாகத் தயாரான எண்ணெய்க்கு உரியது. தனியே விற்கும் சேர்க்கைக்கு உரியதன்று. நல்ல எண்ணெயில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மமும், அழுக்ககற்றும் பொருள்களும் முன்பே அளவறிந்து சேர்க்கப்பட்டுள்ளன. பாஸ்பரஸ் மிகுந்தால் புகைபோக்கியிலுள்ள வினையூக்கி கெடும் என்பதால் அதற்கு உச்சவரம்பும் உண்டு. நாம் மேலும் ஒன்றை ஊற்றினால், சோதிக்கப்பட்ட கலவை வேறு, என்ஜினில் ஓடும் கலவை வேறு என்றாகிவிடுகிறது.

மூன்றாவது, சோதனையின் பெயர். எல்-38 என்பது வாகனத் துறையில் அக்காலத்தில் பெயர்பெற்றிருந்த சோதனை. ஒற்றைச் சிலிண்டர் என்ஜினை 40 மணி நேரம் ஓட்டி, செம்பு–ஈய பேரிங் எவ்வளவு அரிக்கப்பட்டது என்று எடைபோட்டுப் பார்த்தார்கள். ஸீமேக்ஸ் என்ற சேர்க்கையின் விளம்பரங்கள் இச்சோதனையைச் சான்றாகக் காட்டின. 2001-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடுத்தது. ஸீமேக்ஸ் கலந்த எண்ணெயில் பேரிங் அரிமானம் இரு மடங்குக்கு மேல் இருந்தது என்றும், பாதகமான முடிவுகளை நீக்கி அறிக்கை தயாரிக்கப்பட்டது என்றும் ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2003-இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. வாங்கியவர்களுக்குத் திருப்பித் தர 10 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது.

சோதனை உண்மையானது, பெயரும் பெரிது. எனினும் அதன் பெயர் மட்டுமே வாங்குபவர் கண்ணில் பட்டது, அளவீடுகள் படவில்லை.

இதனால் முத்திரைகள் வீண் என்று பொருளன்று. தனக்குரிய கேள்விக்கு ஒவ்வொன்றும் பயனுள்ள விடையே. ஒரு சேர்க்கை பயன் தருகிறதா என்றறிய வேறு சோதனை வேண்டும். ஒரே வகை என்ஜின்கள், ஒரே எண்ணெய், ஒரே சுமை. ஒரு பாதியில் சேர்க்கை உண்டு, மறு பாதியில் இல்லை. எதில் எது என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது. முடிவுகள் அனைத்தும், பாதகமானவை உட்பட, வெளியிடப்பட வேண்டும்.

அடுத்த முறை புட்டியில் முத்திரையைக் கண்டால் மூன்று வினாக்கள் கேளுங்கள்: எதைச் சோதித்தார்கள்? எதனோடு ஒப்பிட்டார்கள்? முழு அறிக்கை எங்கே? விடை கிடைக்காவிட்டால், அந்தப் பணத்தில் உரிய காலத்தில் எண்ணெயை மாற்றுவதே என்ஜினுக்கு நல்லது.